பதிமூன்றாம் மாதத்து இமைகள்

நான்காம் கட்டத்தில்
ஆறு ஆண்டாக நான் தட்டிவருவது ஒரே சொல்:
காலி.
கண் செவிலியர். தேவை ஏழு. இருப்பு ஒன்று.
அந்த ஒன்றுக்கு யெஷிஹரெக் என்று பெயர்,
வலது தோளில் வலி,
கழுதையே நின்று யோசிக்கும் மேட்டில்
வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிவிடும் பிடிவாதம்.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

கோஜ்ஜாமில் ஒரு வட்டார சுகாதார அலுவலகம்.
அதில் நான் எழுத்தர்.
கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடிதம்தான்.
மதிப்பிற்குரிய என்று தொடங்கி
முத்திரையில் முடிகிற ஏழு கடிதங்கள்.
ஏழுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது:
இருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

இருவரை எங்கிருந்து எடுப்பது?
மின்யிச்சிலை எடுத்தால்
ஆற்றுக்கு அக்கரையில் பிரசவம் பார்க்க ஆளில்லை.
எடுத்தோம்.
அந்த மாதம் அக்கரையில் என்ன நடந்தது என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சிலிக்கன் இமையில் தைத்துத் தைத்துப் பழகினான்.
கை நடுங்குகிறதென்று காப்பியை விட்டான்;
எங்கள் ஊரில் காப்பியை விட்டவனை
உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பார்கள்.
சான்றிதழ் வந்தது.
மறுவாரமே தலைநகரில் ஒரு கண்ணாடிக் கடை
மூன்று மடங்கு சம்பளம் என்றது.
எனக்குக் கோபமில்லை.
அவனுடைய சம்பளச் சீட்டை
மாதாமாதம் அச்சடித்தவன் நான்.
இன்னொருத்தி அஸ்னகெச்.
அவளைப் பெரிய மருத்துவமனை தற்காலிகமாக வாங்கிக்கொண்டது.
அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது இரண்டு வயது.

நான்காம் கட்டம்: காலி.

எங்கள் ஆண்டுக்குப் பதிமூன்று மாதம்.
கடைசியில் வருவது பாகுமே. ஐந்தே நாள்.
சம்பளக் கணக்கில் வராத ஐந்து நாள்.
அப்போதுதான் பள்ளிக்கூடம் சும்மா கிடக்கும்,
மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அறுவைக்கூடம்.
விளக்குப் பிடிக்கவேண்டிய ஆள் வரவில்லை.
யெஷிஹரெக் என்னைப் பார்த்தாள்.

திருங்கோவின் கழுத்தில் கறுப்புக் கயிறு,
கயிற்றில் துருவேறிய சிறு இடுக்கி.
உள்நோக்கி வளைந்த இமைமயிரைப்
பதினெட்டு ஆண்டாகத் தானே பிடுங்கி வாழ்ந்தவள்.
கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
இங்கே காவலே கத்தி,
சிமிட்டலுக்கு ஒரு கீறல்.
ஒரு நாளைக்கு எத்தனை சிமிட்டல்,
பதினெட்டு ஆண்டுக்கு எத்தனை?
கணக்கு என் தொழில். ஆனாலும்
டார்ச்சை ஆடாமல் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.
தோல் திறந்தபோது சுவரைப் பார்த்தேன்.
"சுவருக்கு அறுவை வேண்டாம்" என்றாள் யெஷிஹரெக்.
வெளிச்சத்தைத் திருப்பினேன்.

வெளியே மழை.
பாகுமே மூன்றாம் நாள் மழை புனிதமென்று
பிள்ளைகள் சட்டையைக் கழற்றி எறிந்து கூத்தாடினார்கள்.
உள்ளே ஒரு நூல், கதவிடுக்கில் சிக்கிய துணியை
மெல்ல விடுவிப்பதுபோல்
மயிர்வரிசையை வெளிப்பக்கம் திருப்பியது.

பத்தொன்பதாவது இமையோடு நூல் தீர்ந்தது.
அது திருங்கோவின் இடது இமை.
வலது, அடுத்த மாதம் என்றோம்.
இடுக்கியைக் கழற்றப்போனவள்
மறுபடி சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

அறிக்கைப் படிவத்தில் பன்னிரண்டு மாதம்தான்.
எந்த ஊரில் அச்சானதோ.
பாகுமேயின் பத்தொன்பதை மெஸ்கெரெமில் சேர்த்தேன்.
மேலிடத்திலிருந்து கெட்டாசெவ் பேசினார்,
முதன்முறையாகச் சிரித்தபடி.
அருமை, ஒரே ஆளை வைத்து இவ்வளவா!
அப்புறம் ஏழு எதற்கு?

தொலைபேசியை வைத்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்,
கூட்டல் சரியாகப் போட்டே
ஆறு பேரைக் கழித்துவிட்டவனாக.

எட்டாவது கடிதம் எழுதியாகிவிட்டது.
இந்த முறை மதிப்பிற்குரிய இல்லை.
திருங்கோ, வலது இமை,
என்று தொடங்கியிருக்கிறேன்.
முத்திரை குத்த மாட்டார்களாம்.
முறைப்படி இல்லையாம்.